வினைமுதலைத் தேடி: தீவகத் தமிழரும் பிரெஞ்சு எச்சவினையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே ஆழங்குறைந்த கடலில் பரந்து கிடக்கும் தீவுகளுள் ஊர்காவற்றுறை, துறைமுகம் என்ற வகையிலும் நிருவாக மையம் என்ற வகையிலும் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களின் மக்களுள் ஒரு பகுதியினர் 1970களின் இறுதியிலிருந்து பிரான்சில் குடியேறி, முன்னர் காதாலும் கேட்டிராத பிரெஞ்சு மொழியை வளர்ந்த வயதில் கற்க நேர்ந்தது. அம்மொழியின் இலக்கணத்தில் இரண்டு கூறுகள் அவர்களுக்கு நீண்ட காலம் இடர் தந்தன. ஒன்று, வினையிலிருந்து பிறந்து பெயரையோ மற்றொரு வினையையோ தழுவி நிற்கும் 'பார்த்திசீப்' எனப்படும் எச்சவடிவம்; மற்றது, விருப்பம், ஏவல், ஐயம், அச்சம் முதலியவற்றின் கீழ் அடங்கிவரும் வினை ஏற்கும் 'சுப்ஜோங்க்தீஃப்' எனப்படும் தனி வடிவம். இவ்விடருக்கு மொழிகளின் அமைப்பு ஒரு காரணமாயினும், கற்றவர்கள் எவ்வாறு வந்தார்கள், எங்கே வேலை செய்தார்கள், அரசு அவர்களிடம் எந்தத் தாளைக் கேட்டது என்பனவும் அதே அளவுக்குக் காரணமாயின என்பதைத் தீவகத்தின் மொழி வரலாறு காட்டுகிறது.

பிறமொழியாளரின் வரவு ஊர்காவற்றுறைக்குப் புதியதன்று. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வளாகத்தில் உள்ளது. ஊராத்துறை என்று அதில் குறிக்கப்படும் இத்துறைக்கு அயல்நாட்டார் வந்து தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்று அக்கல்வெட்டு ஆணையிடுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உரியவருக்கும் சேரும் என்றும், வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் இரு தரப்பும் பாதி பாதியாகப் பெற வேண்டும் என்றும் விதிக்கிறது. வர வேண்டும், தங்க வேண்டும், காக்கப்பட வேண்டும் என்று அடுக்கிவரும் இந்த ஆணையைப் பிரெஞ்சில் பெயர்ப்பவர் பெரும்பாலும் சுப்ஜோங்க்தீஃபையே கையாள வேண்டியிருக்கும். தமிழோ அதே பொருளை எச்சவடிவத்தையும் 'வேண்டும்' என்ற துணைவினையையும் கொண்டு சொல்லி முடிக்கிறது. இவ்வேறுபாடு பின்னர் விளக்கப்படும்.

ஐரோப்பியர் வந்த பிறகு மொழி கற்கும் பொறுப்பு முதலில் வந்தவர் மீதே விழுந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி அன்றிக்கே அன்றிக்கசு 1549ஆம் ஆண்டளவில் தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணம் எழுதியபோது, தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தின் அறைகளிலேயே தமிழ் வினைகளை அடுக்கினார். விருப்பையும் நிபந்தனையையும் காட்டும் இலத்தீன் வினைப்பாங்குகளுக்கு ஈடான தமிழ் வடிவங்களையும் தேடினார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் 1665 வரை அங்கு மதகுருவாக இருந்த பிலிப்பு பால்தேயு, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் தமிழ் மொழிக்கு ஒரு சிறு அறிமுகத்தையும் சேர்த்தார். தீவுகளுக்கு லெய்டன், மிடில்பேர்க், ஹார்லெம், ரொட்டர்டாம், டெல்ஃப்ற் என ஒல்லாந்து நகரங்களின் பெயர்கள் இடப்பட்ட காலம் அதுவே. 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிய வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. இவ்வாறு வளர்ந்த மரபில், 'செய்த', 'செய்கிற' என்னும் பெயரெச்சங்கள் இலத்தீன் பார்த்திசீப்புக்கும், 'செய்து' என்னும் வினையெச்சம், மற்றொரு வினையைத் தழுவி நிற்கும் 'ஜெரோந்தீஃப்' எனப்படும் வடிவத்துக்கும் ஈடாக வைக்கப்பட்டன. 1879 முதல் பாரிஸ் கீழைமொழிகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவரும், காரைக்காலில் வளர்ந்தவருமான ஜூலியன் வின்சோன் 1903இல் வெளியிட்ட தமிழ் மொழிக் கையேடும் இம்மரபின் தொடர்ச்சியே. ஆக, தமிழ் எச்சத்துக்கும் ஐரோப்பிய எச்சவடிவத்துக்கும் இடையிலான ஒப்பீடு தமிழ் கற்க வந்த ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்டது. அதே வழியில் எதிர்த்திசையாக, தமிழிலிருந்து பிரெஞ்சுக்குச் செல்ல வேண்டியவர்கள் தீவகத்தில் நெடுங்காலம் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிரெஞ்சு மொழி அறவே இல்லாதிருந்தது என்பதும் பொருந்தாது. 1816இல் பிரான்சின் எக்ஸ் நகரில் எழேன் தெ மசெனோ நிறுவிய அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குழு, எத்தியேன் செமேரியாவின் தலைமையில், 1847 நவம்பர் இறுதியில் இலங்கையை அடைந்து, அடுத்து யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பெரும்பகுதிப் பணியை ஏற்றது. செமேரியாவுக்குப் பின் 1868இல் யாழ்ப்பாணத்தின் திருத்தந்தைப் பதிலாளாகப் பொறுப்பேற்ற கிறிஸ்தோஃப் எர்னெஸ்ட் பொன்ஜோன், தமிழகத்தில் பாரிஸ் வேதபோதக சபையினருடன் பணியாற்றித் தமிழறிந்த பின்னரே இங்கு வந்தவர்; அவரே 1886இல் கொழும்பின் முதற் பேராயரானார். 1862இல் போர்தோ நகரத் திருக்குடும்பக் கன்னியரும் யாழ்ப்பாணம் வந்தனர். அதே ஆண்டு பிரான்சில் தொடங்கிய அமலமரித் தியாகிகளின் மறைபரப்புச் சஞ்சிகை, இலங்கையிலிருந்து சென்ற மடல்களைப் பிரெஞ்சில் வெளியிட்டது. ஆயினும் இத்துறவிகளின் மடல்களிலும் வீட்டுப் பேச்சிலும் வழங்கிய அம்மொழி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. குடியேற்ற அரசின் மொழி ஆங்கிலமாக இருந்ததால், அவர்கள் நடத்திய புனித பத்திரிசியார் கல்லூரியும் ஆங்கிலக் கல்வியையே நல்கியது. கரம்பொன், நாரந்தனை போன்ற கத்தோலிக்கர் மிகுந்த தீவகக் கிராமங்களில்கூடப் பிரெஞ்சு, குருமாரின் மொழியாகவே நின்றுவிட்டது.

இந்நிலைக்கு விதிவிலக்காக அமைந்தவருள் தலையாயவர் சேவியர் தனிநாயகம் அடிகள். 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்து, ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்று, 1930களில் உரோமையில் இறையியல் கற்ற அவர், இலத்தீன், இத்தாலியம், போர்த்துக்கேயம், ஸ்பானியம் ஆகியவற்றுடன் பிரெஞ்சையும் கற்றுத் தேர்ந்தார். அன்ரம் தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை அவர் உரோமையில் கண்டறிந்து 1966இல் மறுபதிப்பித்தது, அயல்மொழியார் தமிழைக் கற்ற வழியை ஆராய்வதில் அவருக்கிருந்த ஆர்வத்தைக் காட்டும். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற அவர் முன்னின்றபோது, பாரிஸ் கொலேஜ் தெ பிரான்சின் பேராசிரியர் ஜோன் ஃபிலியோசா அதன் முதல் தலைவரானார். மன்றத்தின் மூன்றாம் மாநாடு 1970 ஜூலையில் பாரிஸில் நடைபெற்றது. இலத்தீனை இளமையிலேயே முறையாகக் கற்ற ஒருவருக்குப் பிரெஞ்சின் சுப்ஜோங்க்தீஃப் புதுமையாக இருந்திருக்காது, ஏனெனில் அவ்வடிவம் இலத்தீனிலிருந்தே பிரெஞ்சுக்கு வந்தது. ஆனால், அவர் பாரிஸ் மாநாட்டில் பங்குகொண்ட பத்தாண்டு காலத்துக்குள் அதே நகரை அடைந்த அவருடைய ஊரவர்களிடம் அத்தகைய முன்கல்வி இருக்கவில்லை.

தீவகத்தார் அதற்கு முன்பும் வெளியூர் சென்று பிழைத்தவர்களே. கொழும்பிலும் தென்னிலங்கைச் சிறுநகரங்களிலும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை வணிகர்கள் சிங்களத்தைக் கடையில் நின்றபடியே, ஏட்டின் துணையின்றிச் செவிவழியாகக் கற்றனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகள் பல எரிந்தன. 1990களின் தொடக்கத்தில் தீவுகள் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்த காலத்தில் ஊர்களும் வெறுமையாயின. அதற்கு முன்னரே, கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழையக்கூடியதாயிருந்த ஆண்டுகளில் பலர் ஜெர்மனிக்கும், அங்கிருந்தோ நேரடியாகவோ பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றனர். பாரிஸில், வடக்குத் தொடருந்து நிலையத்தை ஒட்டி, அவர்கள் 'லாச்சப்பல்' என்று வழங்கும் பகுதி தமிழ்க் கடைத்தெருவானது. 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் அப்பகுதியில் நிறுவப்பட்டது. 1962இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் உறுதிசெய்த உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரித் தமிழர்கள் முன்னரே பாரிஸில் இருந்தனர். பிரெஞ்சும் தமிழும் அறிந்த அவர்களுள் சிலர், புதிதாக வந்த ஈழத்தமிழருக்குக் கடிதமும் படிவமும் எழுதிக்கொடுத்து, மொழிபெயர்ப்பாளராகவும் உதவினர்.

தஞ்சம் கோரியவர் பிரெஞ்சில் முதலில் எதிர்கொண்ட இலக்கணம், வகுப்பறையின் ஒழுங்குப்படி வந்ததன்று. ஏதிலிகளின் விண்ணப்பங்களை ஆராயும் அரச அலுவலகமாகிய 'ஒஃப்ரா' 1952இல் நிறுவப்பட்டது. விண்ணப்பதாரர் தம் வாழ்க்கையில் நடந்தவற்றை அங்கு பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவும், பின்னர் நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் வழியே விளக்கவும் வேண்டியிருந்தது. நடந்ததைச் சொல்வதற்குப் பிரெஞ்சில் அன்றாடம் பயன்படும் இறந்தகாலம் 'பாஸே கொம்போஸே' என்பது, ஒரு துணைவினையும் இறந்தகாலப் பார்த்திசீப்பும் சேர்ந்து அமைவது. பெரும்பாலான வினைகள் 'உடைத்தாயிருத்தல்' என்னும் பொருளுள்ள 'அவுவார்' என்ற துணைவினையை ஏற்க, வருதல், போதல், புறப்படுதல், பிறத்தல், இறத்தல், விழுதல், தங்குதல் முதலிய ஒரு சிறு தொகுதி 'இருத்தல்' என்னும் பொருளுள்ள 'எத்ர்' என்பதை ஏற்கிறது. ஏதிலியின் வாழ்க்கைக் கதை பெரும்பாலும் இச்சிறு தொகுதியைச் சுற்றியே அமைந்தது. இன்ன ஊரில் பிறந்தேன் (நே), இன்ன நாளில் புறப்பட்டேன் (பார்த்தி), இன்ன வழியில் வந்தேன் (அரிவே), தந்தை இறந்தார் (மோர்) என்று தொடரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் விதிவிலக்கான துணைவினை வந்தது. பாடநூல்கள் பொதுவிதிக்குப் பிறகு கற்பிக்கும் விலக்கை, தஞ்சம் கோரியவர்கள் முதலிலேயே சந்தித்தனர்.

இவ்வினைகளில் பார்த்திசீப் எழுவாயின் பாலையும் எண்ணையும் ஏற்கும். பெண் எழுதினால் ஓர் எழுத்தும், பலராயின் மற்றோர் எழுத்தும் கூடும். ஆனால் 'அரிவே' என்ற ஒலி ஆணுக்கும் பெண்ணுக்கும் பலருக்கும் ஒன்றே. தமிழில் பெயரெச்சம் திணை, பால், எண் எதையும் காட்டாது. வந்த மகன், வந்த மகள், வந்த மக்கள் என்பவற்றில் 'வந்த' மாறுவதில்லை. எழுத்தில் மட்டும் தெரிகிற, செவிக்குப் புலப்படாத ஓர் இயைபைத் தன் மொழியில் அதற்கு ஒப்பின்றி, கேட்டே கற்பவர் பெறுவது அரிது. மேலும், கொலையையும் கைதையும் எரிப்பையும் அலுவலகப் பிரெஞ்சு செயப்பாட்டு வினையில் எழுதுகிறது. அங்கும் பார்த்திசீப்பே தேவை. யாழ்ப்பாணப் பேச்சிலோ 'சுட்டுப்போட்டாங்கள்', 'வீட்டை எரிச்சுப்போட்டாங்கள்' என, செய்தவர் யாரென்று கூறாமலே செய்வினை வரும். தமிழ்ச் சொல்லோட்டத்தில் யாரென்று தெரியாத ஒரு பன்மை எழுவாய் மறைந்து நிற்க, பிரெஞ்சு எழுத்தில் எரிந்த வீடே எழுவாயாகி, பெண்பாற் பெயராகிய அதற்கேற்பப் பார்த்திசீப் இயைய வேண்டியிருந்தது.

பெயரெச்சம் எந்த அளவுக்குத் துணை செய்யும் என்பதை நன்னூல் வகுத்த வரம்பைக்கொண்டு காணலாம். பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனுள் எதனையும் கொண்டு முடியலாம். மீன் பிடித்த ஆள், மீன் பிடித்த வலை, மீன் பிடித்த கடல், மீன் பிடித்த பிடிப்பு, மீன் பிடித்த நாள், பிடித்த மீன் என்று தீவகத்தில் இயல்பாக வழங்கக்கூடிய ஆறு தொடர்களிலும் 'பிடித்த' என்ற ஒரே வடிவம் போதுமானது. பிரெஞ்சில் 'பெஷே' என்னும் பார்த்திசீப் இவற்றுள் கடைசிக்கு மட்டுமே நேராகப் பொருந்தும், ஏனெனில் அவுவாரை ஏற்கும் செயப்படுபொருள் குன்றா வினையின் இறந்தகாலப் பார்த்திசீப் பெயரைத் தழுவும்போது செயப்படுபொருளையே சுட்டும். 'மீன் பிடித்த ஆள்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அவ்வாறே அமைத்தால் 'மீனைப்போலப் பிடிபட்ட ஆள்' என்றும், 'சாப்பிட்ட ஆள்' என்பதை 'லொம் மான்ஜே' என்றால் 'தின்னப்பட்ட ஆள்' என்றும் பொருள்படும். ஆள், வலை, கடல், நாள் ஆகியவற்றுக்கு 'யார்', 'எதைக்கொண்டு', 'எங்கே' என்ற பொருளுடைய இணைப்புச் சொற்களால் தனி வாக்கியக் கூறு ஒன்றை அமைக்க வேண்டும். எத்ர் ஏற்கும் சிறு தொகுதியில் மட்டும் 'ஊர்காவற்றுறையிலிருந்து வந்த மக்கள்' என்பதுபோல் செய்பவனைப் பார்த்திசீப் நேராகத் தழுவும். ஆகவே, துணைவினை எது என்ற கேள்விக்கும் பார்த்திசீப் யாரைச் சுட்டும் என்ற கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் உள்ளது: எத்ர் ஏற்கும் வினையின் பார்த்திசீப் வினைமுதலையும், அவுவார் ஏற்பதன் பார்த்திசீப் செயப்படுபொருளையும் நாடும். ஆறு பொருளும் தெரிந்த தமிழ் மாணவர், அவற்றுள் எது பிரெஞ்சில் நேரே செல்லும், எது சுற்றிச் செல்லும் என்று பிரித்தறிந்தால் போதும்.

அவுவார் வந்த வாக்கியத்திலும், செயப்படுபொருள் வினைக்கு முன்னே வந்துவிட்டால் பார்த்திசீப் அதனோடு இயைய வேண்டும் என்ற விதி பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தலைவலியாக இருந்து வருகிறது. 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கிளெமோன் மரோ, இத்தாலிய வழக்கை முன்மாதிரியாகக் கொண்டு இவ்விதியை ஒரு செய்யுளில் வகுத்துப் பரப்பினார். 1901 பெப்ரவரி 26ஆம் நாள் கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லெய்கின் ஆணையும், 1976 டிசம்பர் 28ஆம் நாள் வெளிவந்த மற்றோர் ஆணையும், தேர்வுகளில் இவ்விதியைச் சில இடங்களில் மீறுவதைப் பொறுத்துக்கொள்ளுமாறு கூறின. 2018இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள் இருவர், அவுவாருடன் வரும் பார்த்திசீப்பை எங்கும் மாற்றமின்றி எழுதலாம் என்று முன்மொழிந்தபோது பிரெஞ்சு நாளிதழ்களில் பெரும் விவாதம் மூண்டது. தாய்மொழியாகப் பேசுவோரே ஐந்து நூற்றாண்டாக வழக்காடும் ஒரு விதியில், நள்ளிரவு வரை உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு அறைக்குத் திரும்பிய தொழிலாளி தடுமாறியதை அறிவுக் குறைவாகக் கொள்வது பொருந்தாது.

வினையெச்சத்தின் துணை பெயரெச்சத்தினும் கூடியது. 'செய்து', 'செய்பு' முதலிய வினையெச்சங்கள், தம்மை முடிக்கும் வினைமுற்றின் வினைமுதலையே தமக்கும் வினைமுதலாகக் கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. 'செய' என்னும் எச்சத்துக்கு அக்கட்டுப்பாடு இல்லாததால், 'மழை பெய்ய நெல் விளைந்தது' என இரு வினைமுதல் வரலாம். பிரெஞ்சில் 'ஆன்' என்னும் முன்னிடைச்சொல்லும் '-ஆன்' என முடியும் வடிவமும் சேர்ந்த ஜெரோந்தீஃபும் இதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 'ஆன் மான்ஜான்' என்றால், உண்பவரும் அடுத்து வரும் செயலைச் செய்பவரும் ஒருவரே. அது 'சாப்பிட்டுக்கொண்டே' என்பதற்கு ஈடு. ஒரு செயல் முடிந்தபின் மற்றொன்று தொடங்குவதை யாழ்ப்பாணப் பேச்சு 'சாப்பிட்டிட்டு வாறன்' என்று கூறும். பிரெஞ்சு அதனை 'உண்டபின்' என்னும் கூட்டுவடிவத்தால் கூறி, வினைமுதல் ஒன்றே என்ற நிபந்தனையையும் காக்கிறது. 'வருத்தமாயிருந்தபடியால் வரவில்லை' என்பதுபோல் காரணம் சொல்லும்போது, 'எத்தான்', 'எயான்' (முறையே 'இருந்து', 'உடைத்தாய்') என்னும் நிகழ்காலப் பார்த்திசீப் பயன்படும். பெய்ய–விளைந்தது போன்ற வாக்கியங்களுக்குப் பார்த்திசீப் தனக்கென ஒரு வினைமுதலை முன்னிறுத்தித் தனிக்கூறாக நிற்கும் அமைப்பும் பிரெஞ்சில் உண்டு, எனினும் அது எழுத்துநடைக்கே உரியது.

வினைமுதல் ஒன்றா இரண்டா என்ற கேள்வியே சுப்ஜோங்க்தீஃபையும் திறக்கிறது. 'வர முன்னம் சொன்னான்' என்ற தொடரில் வந்தவர் சொன்னவரா, மற்றொருவரா என்பதைத் தமிழ் வடிவம் காட்டாது, சூழலே உணர்த்தும். பிரெஞ்சோ இவ்விரண்டையும் பிரித்தாக வேண்டும்: வந்தவரும் சொன்னவரும் ஒருவரானால் 'முன்' என்ற சொல்லுக்குப் பின் வெறும் வினைப்பெயர் வரும், வெவ்வேறானால் 'அவான் கெ' என்ற இணைப்புடன் முழுவாக்கியமும், அதில் சுப்ஜோங்க்தீஃபும் வரும். விரும்புதலிலும் அவ்வாறே. தானே போக விரும்பினால் வினைப்பெயர். பிறர் போக விரும்பினால் சுப்ஜோங்க்தீஃப். வர முன்னம், வரும்வரைக்கும், வரத்தக்கதாக, வந்தாலும், வராமலே என்று தமிழ் பல எச்சங்களால் சொல்லும் இடங்களில், வினைமுதல் வேறானால் பிரெஞ்சு சுப்ஜோங்க்தீஃபை வைக்கிறது. 'வந்தாலும்' என்பதற்கு ஈடான 'பியான் கெ' என்பதோ வினைமுதல் ஒன்றாயினும் அதனையே கேட்கிறது. எனவே சுப்ஜோங்க்தீஃபுக்குத் தமிழில் ஒப்பே இல்லை என்ற பொதுக்கூற்று பிழையாகும். அதன் வேலைகள் தமிழில் எச்சங்களிடையே பங்கிடப்பட்டுள்ளன. அவற்றை ஒரே வடிவத்தின் கீழ்க் காணப் பழகுவதே கற்பவருக்குப் புதியது.

வடிவத்தில் உண்மையான ஒப்பு உள்ள இடமும் ஒன்று உண்டு. தமிழின் வியங்கோள் வினைமுற்று, 'வாழ்க', 'வருக', 'ஒழிக' என வாழ்த்து, வேண்டுகோள், வைதல் ஆகிய பொருள்களைத் தனித்து நின்று தரும். 'வீவ் லா ஃப்ரான்ஸ்' என்ற முழக்கத்தின் முதற்சொல், வாழ்தல் வினையின் சுப்ஜோங்க்தீஃப். அது 'வாழ்க' என்பதற்கு நேர்நிகர். ஆனால் பிரெஞ்சு வடிவம் இத்தனிநிலையைவிட அதிகமாக வேறு வினையொன்றின் கீழ் அடங்கியே வருவதால், வியங்கோளை மட்டும் கொண்டு அதனைப் புரிந்துகொண்டவர் விரைவில் நின்றுவிடுவார்.

தமிழ் மாணவருக்கு மிகுந்த இடர் தருவது 'என்று' என்னும் சொல்லின் போக்கு. தமிழ் பிறர் கூற்றையும் தன் எண்ணத்தையும் முழு வாக்கியமாக வைத்துவிட்டு, அதன்பின் 'என்று' சேர்க்கிறது. 'அவர் வருவார் என்று நினைக்கிறன்', 'அவர் வருவார் என்று நினைக்கேல்லை' என்ற இரண்டிலும் 'வருவார்' மாறாது. ஐயம் இறுதியிலுள்ள வினையிலேயே தங்கிவிடும். பிரெஞ்சில் 'கெ' என்ற இணைப்பு முன்னே நின்று, தலைமை வினையின் தன்மையை அடங்கிய வினைக்குள் செலுத்துகிறது. நினைக்கிறேன் என்றால் எதிர்கால வடிவம் இயல்பாக வரும். நினைக்கவில்லை என்றால் 'வியென்' என்ற சுப்ஜோங்க்தீஃப் வரும். தமிழ் வாக்கியம் முடிவில் தன் மனநிலையைத் தெரிவிக்க, பிரெஞ்சுப் பேச்சாளர் தொடக்கத்திலேயே அதனை அறிவித்து, பின்வரும் வினையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கிறது. கூற்றை மாற்றமின்றி எடுத்து வைக்கும் தமிழ் வழக்கில் வளர்ந்தவர் இவ்விடத்தில் இயல்பான வினைமுற்றையே வைப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

செவிவழிக் கல்வி இதனை மேலும் மறைத்தது. பிரெஞ்சு வினைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அடங்கும் முதல் வகுப்பில், தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஆகியவற்றின் நிகழ்கால வடிவமும் சுப்ஜோங்க்தீஃபும் ஒலியில் ஒன்றே. வேறுபாடு தெளிவாகக் கேட்பது இருத்தல் (சுவா), போதல் (ஆய்), செய்தல் (ஃபாஸ்), இயலுதல் (புயிஸ்), அறிதல் (சாஷ்) போன்ற ஒழுங்கற்ற, ஆயினும் ஓயாது வழங்கும் சில வினைகளிலேயே. உணவகச் சமையலறையில் தலைமைச் சமையற்காரர் இடும் ஏவல்களில் 'இல் ஃபோ' ('வேண்டும்') என்ற தொடக்கம் அடிக்கடி வந்தது. அதற்குப் பின் வெறும் வினைப்பெயரை வைத்தாலும் வாக்கியம் சரியாகவே அமையும். அந்த அமைப்பு, எல்லா இடத்துக்கும் 'போக' என்ற ஒரே வடிவம் நிற்கும் 'போகவேணும்' என்பதோடு முற்றாக ஒத்துப்போகிறது. அதனால் 'வேணும்' என்பதை அறிந்தவர்கள் அந்த எளிய பாதையிலேயே பல்லாண்டு பேசிப் பிழைத்தனர். யார் போகவேண்டும் என்று சுட்டும் சுப்ஜோங்க்தீஃப் பாதைக்குச் செல்லும் தேவை வேலையிடத்தில் எழவில்லை.

அத்தேவையை எழுப்பியது அரசு. குடியுரிமை கேட்பவரின் பிரெஞ்சுத் திறன் முன்னர் மாவட்ட நிருவாக அலுவலகத்தின் நேர்காணலில் மதிப்பிடப்பட்டது. 2011 அக்டோபரில் வெளிவந்த ஆணையின்படி, 2012 ஜனவரி முதல், ஐரோப்பியப் பொதுத் தரஅளவில் மூன்றாம் படியாகிய 'பி1' நிலையில் பேச்சுத்திறனைச் சான்றிதழால் காட்ட வேண்டியதாயிற்று. 2019 டிசம்பர் ஆணை, 2020 முதல் எழுத்துத்திறனையும் அதே நிலையில் கோரியது. 2024 ஜனவரி 26ஆம் நாள் சட்டம், 2026 ஜனவரி முதல் குடியுரிமைக்கு 'பி2' நிலையை விதித்தது. சுப்ஜோங்க்தீஃப் முறையாகக் கற்பிக்கப்படுவது பி1 படியில். பார்த்திசீப்பின் இயைபு ஏட்டில் சோதிக்கப்படுவது எழுத்துத் தேர்வில். இருபது முப்பது ஆண்டு பிரெஞ்சு பேசி, வரி கட்டி, கடை நடத்திய முதல் தலைமுறைத் தீவகத்தவர் பலர், வேலையிடம் ஒருபோதும் கேட்டிராத இரண்டையும் முதுமையை அண்டிய வயதில் தேர்வு மேசையில் சந்தித்ததன் காரணம் இதுவே.

இரண்டாம் தலைமுறையின் நிலை வேறு. பள்ளியில் பிரெஞ்சு கற்ற பிள்ளைகள் பெற்றோருக்கு மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்த்தனர். ஊர்காவற்றுறைத் தீவின் அல்லைப்பிட்டியில் பிறந்து, 1990களில் பாரிஸ் சேர்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்து, 2015இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்ற 'தீபன்' படத்தில், வளர்ந்தவருக்கு முன்னே பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பவள் சிறுமியே. இப்பிள்ளைகளுள் பலர் வார இறுதியில் தமிழ்ச்சோலைப் பள்ளிகளுக்கும் செல்கின்றனர். வார நாள்களில் பார்த்திசீப்பின் இயைபையும், வார இறுதியில் பெயரெச்ச வினையெச்ச வேறுபாட்டையும் கற்கும் நிலை, அன்றிக்கசு முதல் வின்சோன் வரை ஐரோப்பியர் தம் தேவைக்காக அமைத்த ஒப்பீட்டை இரு திசையிலும் பயன்படுத்தக்கூடிய முதல் தீவகத் தலைமுறையை உருவாக்கியிருக்கிறது.

பிரான்சில் வளர்ந்தோருக்கான மொழிவகுப்புகள் பல மொழியினரையும் ஒரே அறையில் அமர்த்தி நடத்தப்படுவதால், அவற்றின் பாடநூல்கள் எந்தத் தாய்மொழியின் இலக்கணத்தையும் துணைக்கு அழைப்பதில்லை. தமிழ் அறிந்தவருக்கு அதனால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. ஆறு பொருளுள் எச்சம் எதனைக் கொண்டு முடிகிறது, இரண்டு வினைக்கும் வினைமுதல் ஒன்றா வேறா என்ற இரண்டு கேள்விகளையும் நன்னூலும் தொல்காப்பியமும் முன்பே கேட்டு வைத்துள்ளன. முதலாவது பார்த்திசீப்பின் எல்லையையும், இரண்டாவது ஜெரோந்தீஃபையும் சுப்ஜோங்க்தீஃபின் பெரும்பகுதியையும் விளக்குகின்றன. 'என்று' என்பதன் கீழ் வினை மாறாது, 'கெ' என்பதன் கீழ் மாறும் என்ற ஒன்றே மரபிலக்கணம் தராத, புதிதாகப் பழக வேண்டிய பகுதி. தமிழிலக்கணத்தைப் பள்ளியில் ஓரளவேனும் கற்ற தீவகத்தவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் நூல் ஒன்று தமிழில் எழுதப்படுமானால், அது இந்த மூன்று விதிகளிலிருந்தே தொடங்கலாம்.